5 கோடி தாண்டிவிட்டோம், பார்ட்டி பில்லைத் திருப்பி அனுப்புகிறார்கள்: பிடிஎஃப் அனுப்பினால் இ-இன்வாய்ஸ் ஆகாதா?

எலாஸ்டிக்_திருப்பூர்

வணக்கம். திருப்பூரில் மாமாவுடைய எலாஸ்டிக் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். உள்ளாடை கம்பெனிகளுக்கு எலாஸ்டிக்கும் டேப்பும் ஓட்டிக் கொடுக்கிறோம், லூதியானாவுக்கும் மாதம் இரண்டு மூன்று லோடு போகிறது. 2023-24 வரை டர்ன்ஓவர் நாலரைக் கோடிக்குள்தான் இருந்தது, 2024-25ல் 5 கோடியே 40 லட்சம் ஆகிவிட்டது. 5 கோடி தாண்டினால் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்று தெரியும், அதனால் மார்ச்சிலேயே எங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் கேட்டேன். அவர் டிஜிட்டல் கையெழுத்து வாங்கி பிடிஎஃப்பில் போட்டு மெயிலில் அனுப்பினால் அதுதான் இ-இன்வாய்ஸ் என்றார். அதை நம்பி ஏப்ரல், மே இரண்டு மாதமும் அப்படியே அனுப்பினேன்.

இப்போது ஜூன் முதல் வாரத்தில் ஒரு பெரிய பார்ட்டி 9 பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐஆர்என் என்கிற பதிவு எண் இல்லை, க்யூஆர் கோடு இல்லை, இது செல்லாது, பேமெண்ட் போட மாட்டோம் என்கிறார்கள். 6 லட்சத்து 80 ஆயிரம் நிற்கிறது. நூல் வாங்கிய இடத்தில் நாங்கள் தேதி சொல்லியிருக்கிறோம், அந்தத் தேதி நெருங்குகிறது.

என் கேள்விகள் இவ்வளவுதான். பிடிஎஃப் இல்லை என்றால் அதன் ஃபார்மட் என்ன? டேலி வாங்கியே ஆக வேண்டுமா, இல்லை எக்செல்லிலேயே செய்ய வழி இருக்கிறதா? போன இரண்டு மாத பில்லை என்ன செய்வது? ஜாப் ஒர்க் லேபர் பில்லும் கொஞ்சம் போடுகிறோம், அதற்கும் வேண்டுமா? ஒரு நாளைக்கு பன்னிரண்டு, பதினைந்து பில்தான் வரும்.

வரவுசெலவு_ஈரோடு

தம்பி, நான் ஆடிட்டர் ஆபீஸில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறேன். உங்களைப் போல இந்த ஏப்ரலில் புதிதாக உள்ளே வந்தவர்கள் எங்கள் ஆபீஸிலேயே நாலைந்து பேர். அதில் இரண்டு பேர் உங்களைப் போலவே பிடிஎஃப் அனுப்பிவிட்டுத்தான் வந்தார்கள், அதனால் பதற வேண்டாம், சரிசெய்துவிடலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இ-இன்வாய்ஸ் என்றால் கம்ப்யூட்டரில் போட்ட பில் என்று அர்த்தம் இல்லை. பில்லை நீங்கள்தான் போடுகிறீர்கள், உங்கள் எண், உங்கள் லோகோ, உங்கள் டிசைன் எல்லாம் அப்படியே இருக்கலாம். ஆனால் பார்ட்டிக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்த பில்லின் விவரங்களை அரசாங்கம் சொன்ன வடிவத்தில் இன்வாய்ஸ் பதிவு போர்ட்டலுக்கு அனுப்ப வேண்டும். ஐஆர்பி என்பார்கள். அது சரிபார்த்து, 64 எழுத்து நீளமுள்ள ஐஆர்என் கொடுக்கும், கூடவே தன் கையொப்பத்தோடு க்யூஆர் கோடு கொடுக்கும். அந்த க்யூஆரை பில்லில் அச்சிட்டுக் கொடுத்தால்தான் அது இ-இன்வாய்ஸ். கையெழுத்துப் போடுவது போர்ட்டல், நீங்கள் இல்லை. உங்கள் டிஜிட்டல் கையெழுத்து போட்டு நீங்களே பார்ட்டிக்கு மெயில் செய்தால் அது போர்ட்டலுக்குப் போகவே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த சாஃப்ட்வேர்காரர் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்.

2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் உள்ளவர்களோடு ஆரம்பித்தது. 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது: 2017-18லிருந்து எந்த ஒரு வருஷத்தில் 5 கோடி தாண்டியிருந்தாலும் கணக்குதான். போன வருஷம் மட்டும் பார்த்தால் போதாது. பான் எண்ணுக்குக் கீழே எத்தனை ஜிஎஸ்டி எண் இருந்தாலும் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், ஏற்றுமதியும் வரி விலக்கு சரக்கும் அதில் சேரும். உங்கள் மாமா பெயரில் வேறு ஏதாவது தொழில் அதே பானில் இருந்தால் பழைய வருஷங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பார்ட்டி ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், ஜிஎஸ்டி விதி 48(4)ன்படி இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர் அப்படிப் போடவில்லை என்றால், 48(5)ன்படி அந்த பில் பில்லாகவே எடுத்துக்கொள்ளப்படாது. பில் இல்லை என்றால் அவர்களுக்கு இன்புட் (கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை) இல்லை. அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. உங்கள் பக்கம் பிரிவு 122ல் அபராதமும் இருக்கிறது, 10,000 ரூபாய் அல்லது வரித்தொகை, எது அதிகமோ அது.

லேபர் பில்லுக்கும் கண்டிப்பாக வேண்டும், பதிவு பெற்ற கம்பெனிக்குப் போடுகிற வரியுள்ள எந்த பில்லாக இருந்தாலும் வேண்டும். கிரெடிட் நோட், டெபிட் நோட்டுக்கும் வேண்டும். நூல் அனுப்புகிற டெலிவரி சலானுக்கு (டிசி) வேண்டாம். ஜிஎஸ்டி எண் இல்லாத தையல்காரருக்குச் சில்லறையாகக் கொடுப்பதற்கு வேண்டாம்.

பழைய பில்லுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 10 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் போர்ட்டல் வாங்காது. நீங்கள் 10 கோடிக்குக் கீழே, அதனால் அந்தத் தடை இல்லை. அதே எண், அதே தேதி, அதே தொகை வைத்து இப்போது ஐஆர்என் எடுங்கள், க்யூஆரோடு அச்சிட்டு பார்ட்டிக்குக் கொடுங்கள். தாமதம் தாமதம்தான், அதை உங்கள் ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லி வையுங்கள். ஏப்ரலுக்கான விற்பனை ரிட்டர்ன் (ஜிஎஸ்டிஆர்-1) ஏற்கெனவே தாக்கல் செய்திருப்பீர்கள், அந்த பில்கள் அடுத்த ரிட்டர்னில் மறுபடி ஏறிவிடாமல் பாருங்கள். அப்புறம் ஒன்று, காலாண்டு ரிட்டர்ன் திட்டத்தில் இருந்தீர்களா? 5 கோடி தாண்டியதால் இந்த வருஷம் அதிலும் இருக்க முடியாது, மாதாமாதம் போட வேண்டும். ஹெச்எஸ்என் என்ற சரக்குக் குறியீடும் இனி 4 இலக்கம் போதாது, 6 இலக்கம்.

பழைய_வியாபாரி

இவ்வளவு சிரமம் எதற்கு? வீட்டில் இன்னொருவர் பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பித்து பாதி பில்லை அதில் போடுங்கள். இரண்டும் 5 கோடிக்குள் இருக்கும். எங்கள் பக்கத்தில் நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வரவுசெலவு_ஈரோடு

ஐயா, வயதில் பெரியவர், மரியாதையோடு சொல்கிறேன், இந்தப் பையனுக்கு இந்த யோசனை வேண்டாம். முதலாவது, ஒருமுறை தாண்டிய பான் இந்த வருஷம் 2 கோடி மட்டும் செய்தாலும் இ-இன்வாய்ஸ் போட்டே ஆக வேண்டும், அதனால் பழைய கம்பெனியின் பில்லுக்கு இது எதையும் மாற்றாது. இரண்டாவது, ஒரே ஷெட், ஒரே மெஷின், ஒரே ஆட்கள், ஒரே ஈபி கனெக்‌ஷன் வைத்துக்கொண்டு இரண்டு பெயரில் பில் போட்டு, பிறகு அதிகாரி முன்னால் விளக்கம் சொல்ல முடியாமல் நின்றவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பில்லைப் பதிய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்து ஓடி வருஷக்கணக்கில் தூக்கம் கெடக் கூடாது.

நிரலாளன்_கோவை

ஃபார்மட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதை நான் சொல்கிறேன், பல கம்பெனிகளின் பில்லிங்கை போர்ட்டலோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன்.

போர்ட்டல் வாங்குவது ஜேசன் கோப்பு. வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்தே படிக்கலாம். இடது பக்கம் பெயர், வலது பக்கம் மதிப்பு. விற்பவர் விவரம், வாங்குபவர் விவரம், பில் வகை, எண், தேதி, சரக்கு வரிசை, மொத்தத் தொகை என்று பகுதி பகுதியாக இருக்கும். ஜிஎஸ்டி ஐஎன்வி-01 என்று அறிவிக்கப்பட்ட படிவம் இதுதான். உலக அளவில் பெப்பல், யுபிஎல் என்று ஒரு பொது முறை இருக்கிறது, அதை அடிப்படையாக வைத்து நம் ஜிஎஸ்டிக்கு ஏற்ப மாற்றி எடுத்தார்கள்.

பிடிஎஃப் ஏன் ஆகாது என்று கேட்டால், பிடிஎஃப் மனிதர் கண்ணுக்கு. அதில் எது வரி, எது மொத்தம், எது வண்டி எண் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, யாராவது உட்கார்ந்து மறுபடி டைப் செய்ய வேண்டும். டைப் செய்கிற இடத்தில்தான் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து மாறி, உங்கள் பார்ட்டிக்கு இன்புட் காட்டாமல் போகும். ஜெர்மனியில் இரண்டையும் சேர்த்து ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பார்க்க பிடிஎஃப், அதன் வயிற்றுக்குள் எக்ஸ்எம்எல் கோப்பு. த்சுக்ஃபெர்ட் என்று பெயர். 2025 ஜனவரி முதல் அங்கே உள்நாட்டு வியாபாரத்தில் எல்லாக் கம்பெனியும் இப்படிப்பட்ட மின் பில்லை வாங்கத் தயாராக இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் ஊரில் அந்த வழி இல்லை, ஜேசனை போர்ட்டலுக்கு அனுப்பு, க்யூஆரை வாங்கி அச்சிடு, அதுதான் முறை.

டேலி கட்டாயம் இல்லை. உங்கள் அளவுக்கு மூன்று வழி. ஒன்று, மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) இலவசமாகக் கொடுக்கிற ஜெப் என்ற எக்செல் கருவி. அதில் பில்லை அடித்தால் ஜேசன் உருவாகும், அதை போர்ட்டலில் ஏற்ற வேண்டும், ஐஆர்என் வந்ததும் மறுபடி உள்ளே இழுத்து க்யூஆரோடு அச்சிடலாம். பதினைந்து பில்லுக்கு இது தாராளம். இரண்டு, டேலி பிரைம் மாதிரி மென்பொருள், பில்லைச் சேமிக்கும்போதே தானாகப் போய் ஐஆர்என் வாங்கி வந்துவிடும். போர்ட்டலில் மென்பொருள் தானாக நுழைவதற்கான ஏபிஐ பயனர் ஒன்றை உருவாக்கி, எந்த ஜிஎஸ்பி (போர்ட்டலோடு இணைத்துத் தரும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம்) வழியாக என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும். மூன்றாவது, உங்கள் சொந்த மென்பொருளை இணைப்பது, அது உங்களுக்கு இப்போது தேவை இல்லை. சரக்கு வண்டிக்கு எடுக்கிற இ-வே பில் போர்ட்டலில் உங்களுக்கு ஏற்கெனவே பயனர் பெயர் இருக்கும், என்ஐசி இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கும் அதே போதும். 2025 ஏப்ரலிலிருந்து எல்லாருக்கும் ஓடிபி கட்டாயம், அதனால் பதிந்திருக்கிற செல்போன் எண் மாமாவிடம் இருக்கிறதா, உங்களிடமா என்று முதலில் பாருங்கள். மாமா ஊருக்குப் போன நாளில் லோடு ஏற்றிவிட்டு ஓடிபிக்காகக் காத்திருந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். போர்ட்டலில் உங்கள் ஜிஎஸ்டி எண் இன்னும் இயக்கப்படவில்லை என்று வந்தால் டர்ன்ஓவரைக் கொடுத்து நீங்களே இயக்கிக்கொள்ளலாம்.

ஆனால் கருவி எதுவாக இருந்தாலும் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பார்ட்டி லிஸ்ட்டையும் சரக்கு லிஸ்ட்டையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஜிஎஸ்டி எண், சரியான பின்கோடு, ஊர். ஒவ்வொரு சரக்குக்கும் 6 இலக்க ஹெச்எஸ்என், அளவை. ரோல், ரோல்ஸ், ஆர்எல்எஸ் என்று இஷ்டத்துக்கு எழுதினால் வாங்காது, அவர்கள் கொடுத்த அளவைப் பட்டியலில் உள்ள குறியீட்டைத்தான் எழுத வேண்டும். ரோலுக்கு ஆர்ஓஎல், மீட்டருக்கு எம்டிஆர், கிலோவுக்கு கேஜிஎஸ். தேதி நாள்/மாதம்/நாலிலக்க வருஷம். பில் எண் 16 எழுத்துக்குள், பூஜ்யத்திலோ சாய்கோட்டிலோ சிறு கோட்டிலோ ஆரம்பிக்கக் கூடாது. 2025 ஜூன் 1 முதல் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசமும் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கித்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு நாள் இதற்கு உட்காருங்கள். இந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிட்டு நேராக பில் போட ஆரம்பித்தவர்கள்தான் மாதக்கணக்கில் எரர் வருகிறது என்று போன் செய்கிறார்கள்.

பர்ச்சேஸ்_மேசை

நான் இந்தப் பக்கம், பில்லைத் திருப்பி அனுப்புகிற பக்கம். ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பர்ச்சேஸ் கணக்கு. உங்கள் பார்ட்டி நாங்கள் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் நாங்களும் இதைத்தான் செய்வோம்.

எங்களுக்கு ஒரு மாதத்தில் டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எலாஸ்டிக், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி என்று பில் குவியும். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இன்புட் ரீஃபண்டில்தான் கையில் பணம் சுற்றுகிறது. ஒரு சப்ளையர் பில் செல்லாது என்று ஆனால் ரீஃபண்ட் ஃபைலில் அந்த வரி நிற்கும், கேள்வி வரும். சின்ன சப்ளையரை நசுக்குகிறோம் என்று நினைக்காதீர்கள், எங்களுக்கும் பேங்க் லிமிட் இறுகுகிறது.

நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். போர்ட்டலில் ஒரு ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் அவர் இ-இன்வாய்ஸுக்கு இயக்கப்பட்டவரா என்று காட்டும். இயக்கப்பட்டிருந்து ஐஆர்என் இல்லாமல் பில் வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவோம். 5 கோடிக்குள் இருப்பவர்களிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு உறுதிமொழி வாங்கி வைப்போம். க்யூஆர் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தை நடத்துகிற ஜிஎஸ்டிஎன் கொடுத்த செயலியில் ஸ்கேன் செய்வோம். இரண்டு பேர் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, தொகை, எத்தனை வரி சரக்கு, முக்கிய ஹெச்எஸ்என், ஐஆர்என் எல்லாம் அதிலேயே வரும், தாளில் இருக்கிற தொகையோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்தால் முடிந்தது. சும்மா ஏதோ ஒரு க்யூஆரை ஒட்டி அனுப்பியவர்களும் உண்டு, போர்ட்டல் கையொப்பம் இல்லாததால் செயலி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் வாங்குகிற பக்கமும் இதே மாதிரி பாருங்கள். உங்கள் நூல் மில், டையிங் எல்லாம் 5 கோடிக்கு மேல்தான் இருப்பார்கள். அவர்கள் பில்லில் க்யூஆர் இல்லை என்றால் நஷ்டம் உங்களுக்கு.

இன்னொன்று, பழைய மாதிரி மூன்று காப்பி வேண்டாம். இ-இன்வாய்ஸுக்கு அந்த மூன்று நகல் விதி பொருந்தாது, 48(6)ல் இருக்கிறது. நிறைய பேர் பழக்கத்தில் இன்னும் கலர் கலராக அச்சிடுகிறார்கள்.

எலாஸ்டிக்_திருப்பூர்

எல்லாருக்கும் மிகவும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டாவது கம்பெனி பேச்சை அவரும் எடுத்திருந்தார், இப்போது விட்டுவிட்டார்.

போன இரண்டு நாளாக லிஸ்ட் சுத்தம் செய்தேன். 63 பார்ட்டியில் 11 பேருக்கு பின்கோடு தப்பு. ஒரு பார்ட்டி ஜிஎஸ்டி எண் ரத்தாகிப் பல மாதம் ஆகிறது, எங்களுக்குத் தெரியவே இல்லை, அவர்களுக்குத்தான் போன வாரம் சரக்கு அனுப்பினோம்.

ஒரு பிரச்சினை. எக்செல்லில் ஃபார்முலா போட்டு நானே ஜேசன் தயாரித்துப் பார்த்தேன், இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. லேபர் பில் மூன்றும் முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டது, சேவை என்று குறித்து 998821 என்ற சேவைக் குறியீடு போட்டேன், வந்துவிட்டது. ஆனால் எலாஸ்டிக் பில் ஒன்றுகூட ஏறவில்லை. கோப்பே சரியில்லை என்கிறது, எந்த வரி என்று சொல்லவில்லை. எண் எல்லாம் நாலு தடவை பார்த்துவிட்டேன். சரக்குப் பெயர் 1½" கருப்பு எலாஸ்டிக், 1" வெள்ளை எலாஸ்டிக் என்று இருக்கும், மற்றபடி இரண்டு கோப்பும் ஒரே மாதிரிதான். இன்னொரு சந்தேகம், ஒரு லேபர் பில்லில் ரேட் தப்பாகப் போட்டுவிட்டேன், தொகையைத் திருத்தி மறுபடி ஏற்றினால் 2150 என்று எரர் வருகிறது.

நிரலாளன்_கோவை

உங்கள் சரக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது. ஜேசனில் ஒவ்வொரு சொல்லும் இரட்டை மேற்கோள் குறியில் தொடங்கி இரட்டை மேற்கோள் குறியில் முடியும். நீங்கள் இன்ச்சுக்குப் போடுகிற அந்தக் குறியைப் பார்த்ததும் பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது, பிறகு வருகிற கருப்பு எலாஸ்டிக் என்ன என்று அதற்குப் புரியவில்லை, அதனால் கோப்பு முழுவதையும் தள்ளிவிடுகிறது. லேபர் பில்லில் இன்ச் இல்லை, அதனால் ஏறியது. சரக்கு லிஸ்ட்டில் எல்லா இடத்திலும் அந்தக் குறியை எடுத்துவிட்டு இன்ச் என்று எழுத்தில் போடுங்கள், முக்கால், ஒன்றரை எல்லாவற்றையும் 0.75, 1.5 என்று மாற்றிவிடுங்கள். பைப், ஹார்டுவேர், பேக்கிங் டேப் விற்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் வரும். முகவரியில் பின்சாய்கோடு போடாதீர்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கையால் ஜேசன் செய்வதாக இருந்தால் இன்னும் இரண்டு கவனிக்க வேண்டும். பின்கோடு எண்ணாகப் போக வேண்டும், மேற்கோள் குறி இல்லாமல். ஹெச்எஸ்என் எழுத்தாகப் போக வேண்டும், மேற்கோள் குறியோடு. தொகை இரண்டு தசமம், அளவும் ரேட்டும் மூன்று தசமம் வரை. வரி கணக்கில் ஒரு ரூபாய் வரை முன்பின் இருந்தால் விட்டுவிடும், அதற்கு மேல் போனால் நிறுத்தும். மீட்டருக்கு 1 ரூபாய் 37 பைசா மாதிரி ரேட்டில் ஆயிரக்கணக்கான மீட்டர் போடும்போது, எக்செல் திரையில் சுருக்கிக் காட்டுவதும் உள்ளே வைத்திருப்பதும் வேறு வேறாக இருக்கும், ரவுண்ட் ஃபார்முலா போட்டுவிடுங்கள். ஆனாலும் என் கருத்து, நீங்கள் ஜெப் கருவிக்கே போங்கள். கோப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நீங்களே செய்து பார்த்தது நல்லதுதான், எரர் வந்தால் இனிப் பயம் இருக்காது.

2150 என்றால் இந்த பில் ஏற்கெனவே பதிந்தாயிற்று என்று அர்த்தம். ஐஆர்என் உங்கள் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இந்த நாலை வைத்து மட்டும்தான் உருவாகிறது. தொகை அதில் இல்லை. அதனால் தொகையை எத்தனை தடவை மாற்றினாலும் அதே ஐஆர்என்தான் வரும், போர்ட்டல் இரட்டிப்பு என்று நிறுத்திவிடும். போர்ட்டலில் திருத்தம் என்பதே கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் முழு பில்லையும் ரத்து செய்யலாம், ரத்து செய்த எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, அடுத்த எண்ணில் போட வேண்டும். இ-வே பில் எடுத்திருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும், அது உயிரோடு இருக்கும்வரை ஐஆர்என் ரத்தாகாது. 24 மணி நேரம் தாண்டிவிட்டால் கிரெடிட் நோட் அல்லது டெபிட் நோட் போட்டுச் சரிசெய்யுங்கள்.

மற்ற எரர் எண்களில் உங்களுக்கு வரக்கூடியவை: 3039 வந்தால் வாங்குபவர் பின்கோடு அவர் மாநிலத்தோடு பொருந்தவில்லை. 2176 வந்தால் ஹெச்எஸ்என் தவறு. 3028 வந்தால் அந்த ஜிஎஸ்டி எண் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் இல்லை, புதிதாகப் பதிவு பெற்றவர்களுக்கு இப்படி வரும், எண்ணைத் தேடி பொது போர்ட்டலிலிருந்து புதுப்பி என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

கிள்ளான்_கடைக்காரர்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடைக்குத் திருப்பூர் பனியனும் ஈரோட்டு வேட்டியும் வருகின்றன, அதனால் இந்தப் பேச்சைத் தொடர்ந்து படித்தேன்.

இங்கேயும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. மைஇன்வாய்ஸ் என்று வருமான வரி வாரியம் நடத்துகிறது. 2024 ஆகஸ்டில் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு வந்தது, 2025 ஜனவரியில் 2 கோடியே 50 லட்சத்துக்கு மேல், எங்களைப் போல 50 லட்சம் ரிங்கிட் தாண்டியவர்களுக்கு 2025 ஜூலை 1. வடிவம் யுபிஎல் 2.1, எக்ஸ்எம்எல்லாகவும் கொடுக்கலாம், ஜேசனாகவும் கொடுக்கலாம். மொத்தம் 55 விவரம் கேட்கிறார்கள். உங்களுக்கு ரத்து செய்ய 24 மணி நேரம், இங்கே 72 மணி நேரம். சில்லறை வாடிக்கையாளருக்கு ஒவ்வொன்றாகப் போட வேண்டாம், மாதம் முடிந்து 7 நாளுக்குள் சேர்த்து ஒன்று போடலாம், கடை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கினால் உங்கள் பில்லை வைத்து நாங்களே எங்கள் பக்கம் ஒரு இ-இன்வாய்ஸ் போட வேண்டும், விற்பவர் நீங்கள், போடுவது நாங்கள். அதனால் மலேசிய பார்ட்டி உங்களிடம் கம்பெனியின் முழுப் பெயர், முகவரி, சரக்கு விவரம் எல்லாம் துல்லியமாகக் கேட்டால் சந்தேகப்படாதீர்கள். பில்லில் வெறுமனே கார்மெண்ட்ஸ் என்று எழுதாமல் இன்ன சரக்கு, இத்தனை பீஸ் என்று எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

நிரலாளன்_கோவை

நன்றி அண்ணா, இது எனக்கே புதிது. திருப்பூர் பக்கம் ஏற்றுமதி பில்லுக்கும் ஐஆர்என் வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். வாங்குபவர் ஜிஎஸ்டி எண் இடத்தில் யுஆர்பி (பதிவு பெறாதவர்), பின்கோடு 999999, மாநிலக் குறியீடு 96.

எலாஸ்டிக்_திருப்பூர்

இன்ச் குறியேதான். சரக்கு லிஸ்ட்டில் 48 இடத்தில் இருந்தது, எல்லாவற்றையும் மாற்றினேன். ஜெப் கருவிக்குப் போய்விட்டேன். நேற்று ராத்திரி 9 பில்லுக்கும் ஐஆர்என் வந்துவிட்டது, க்யூஆரோடு அச்சிட்டு இன்று காலை பார்ட்டி ஆபீஸுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே ஒரு பெண் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமை செக் என்றார்கள். மற்ற பார்ட்டிகளின் ஏப்ரல், மே பில்களை ஒரு நாளைக்கு 40 என்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ரேட் தப்பான லேபர் பில் 24 மணி நேரம் தாண்டிவிட்டது. அதிகமாகப் போட்டிருந்தேன், அதனால் கிரெடிட் நோட் போடப் போகிறேன். அக்கா, கிரெடிட் நோட்டுக்குத் தனி எண் வரிசை வைக்கலாமா, இல்லை பில் வரிசையிலேயே போட வேண்டுமா?

வரவுசெலவு_ஈரோடு

தனி வரிசையே வையுங்கள் தம்பி, பார்க்கவும் எளிது, ரிட்டர்னில் தேடவும் எளிது. ஆவண வகையில் கிரெடிட் நோட் என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், பில் என்றே விட்டால் உங்களுக்கு வரி குறைவதற்குப் பதிலாகக் கூடிக் காட்டும். எந்த பில்லுக்கான கிரெடிட் நோட் என்று பழைய பில் எண்ணையும் தேதியையும் அதில் குறியுங்கள். அப்புறம், அந்த ரத்தான ஜிஎஸ்டி எண் பார்ட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் அவர்களுக்குப் போன் செய்து ஏன் ரத்தானது, புது எண் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். போன வாரம் போட்ட பில்லை உங்கள் ஆடிட்டரிடம் நாளைக்கே காட்டுங்கள், மாத ரிட்டர்ன் 11ஆம் தேதி.